உதடு களைக்கும் முன் பாடம் ஏறட்டும்: பிராஸ் (பித்தளை ஊதுகருவி) கேள்வி-பதில்

கேள்வி: புதுப் பாடம் கைக்கு வந்ததும் ட்ரம்பெட்டை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறேன். எத்தனை நாள் வாசித்தாலும் அதே இடங்களில் தடுமாறுகிறேன். ஏன்?

பதில்: தடுமாற்றத்தையும் சேர்த்தே பழகிவிட்டீர்கள், அதனால்தான். முதல் நாள் கருவி பெட்டியிலேயே இருக்கட்டும். பாடத்தை வாயால் பாடுங்கள். ட்ரம்பெட்டில் இருப்பது 3 வால்வுகள். எதையும் அழுத்தாமலே கீழ் ஸ, ப, மேல் ஸ, க, ப என்று வரிசையாக ஸ்வரங்கள் பிறக்கும். அவற்றில் எது ஒலிக்கும் என்பது உதட்டிலும் மூச்சிலும் இருக்கிறது. அந்த உதட்டுக்கு வழிகாட்டுவது காது. மனசுக்குள் கேட்காத ஸ்வரத்தை உதடு தேடித்தான் பிடிக்கும். அந்தத் தேடல்தான் வெளியே பிசிறாகக் கேட்கிறது.

பாட வந்ததும், பாடிக்கொண்டே விரல்களை அசையுங்கள். அடுத்து, ஒலி எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதியபடி அதே விரல் வரிசை. மூச்சு எங்கே போதவில்லை என்பது இப்போதே தெரிந்துவிடும். அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை எடுப்பது அதற்கப்புறம். குரல் எட்டாத உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடினால் போதும்.

கேள்வி: வேகமான இடங்களில் விரலும் நாக்கும் ஒன்றுசேர மறுக்கின்றன.

பதில்: இரண்டையும் பிரியுங்கள். முதலில் நாக்கே படாமல், ஒரே மூச்சில் இழைத்து வாசியுங்கள். இழைப்பில் ஓட்டை விழுந்தால் குற்றம் நாக்கில் இல்லை. விரலிலோ காற்றிலோ இருக்கிறது. பிறகு ஒரே ஸ்வரத்தில் நாக்குத் தட்டு மட்டும். ‘த-க’ என்று இரட்டைத் தட்டுப் போடுபவர்களுக்கு ‘க’தான் பலவீனம், அதைத் தனியாகவே பழக வேண்டும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) பாதி வேகத்தில் வைத்து, ஒரு தாள அளவையும் (தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) அடுத்ததன் முதல் ஸ்வரத்தையும் வாசித்து நிறுத்துங்கள். அந்த ஒரு ஸ்வரத்தை விடாதீர்கள். தடுமாற்றம் பெரும்பாலும் இணைப்பில்தான் ஒளிந்திருக்கும். கடைசி அளவில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சேர்த்து வருவதை நான் மிகவும் நம்புகிறேன். போகப்போகத் தெரிந்த இடத்துக்குள் நுழைவீர்கள், பயம் குறையும்.

கேள்வி: உச்ச ஸ்வரங்கள் நிறைந்த பாடம். அரைமணியில் உதடு செத்துவிடுகிறது.

பதில்: வாசித்த நேரம் எவ்வளவோ, ஓய்வும் அவ்வளவு. ஓய்வில் பாடுங்கள், விரல் போடுங்கள். மேல்ஸ்தாயிப் பகுதியை ஒரு ஸ்தாயி இறக்கிப் படித்து, விரலும் தாளமும் படிந்தபின் உரிய இடத்தில் சிறு சிறு துண்டாக வாசியுங்கள். களைத்த உதட்டை மவுத்பீஸால் அழுத்தி ஸ்வரத்தை வரவழைக்காதீர்கள். அழுத்தம் உதட்டு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், களைப்பு இன்னும் கூடும். வலித்தால் அன்றைக்கு ஊதுவதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ட்ராம்போனில் ஸ்வரங்களுக்கு நடுவே இழுவை கேட்கிறது.

பதில்: ஸ்வரத்தின் முழு நீளத்தையும் பிடித்துவிட்டு, கடைசி நொடியில் ஸ்லைடை (முன்னும் பின்னும் நகரும் குழாய்) சட்டென்று நகர்த்துங்கள். காற்று நிற்கக் கூடாது. நாக்கு மென்மையாக ஒரு ‘த’ போட்டால் இழுவை மறையும்.

கேள்வி: பியானோவோடு சேர்ந்து வாசித்தால் என் ட்ரம்பெட் சுருதி சேரவில்லை.

பதில்: உங்களுடையது பி ஃபிளாட் ட்ரம்பெட்டாக இருக்கும். அதில் சி என்று எழுதியதை வாசித்தால் பியானோவின் பி ஃபிளாட்தான் ஒலிக்கும். பியானோ தாளை அப்படியே வாசிக்காமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு முழு டோன் (சி இருந்தால் டி என்று) உயர்த்தி எழுதிக்கொள்ளுங்கள்.