லி சியானின் கல்லறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீனாவின் குயுவான் நகரத்தில் ஆறாம் நூற்றாண்டுத் தளபதி ஒருவரின் கல்லறையில் கிடைத்த வெள்ளிக் குடுவையின் படத்தை அண்மையில் பார்த்தேன். அதில் கிரேக்கப் பழங்கதையின் பாரிசும் ஹெலனும் பொறிக்கப்பட்டிருப்பதாகப் படத்தின் கீழே எழுதியிருந்தார்கள். சீனத் தளபதிக்கு டிராய்ப் போரின் கதை எப்படித் தெரிந்திருக்கும்? அந்தக் குடுவையோடு வேறு என்னவெல்லாம் கிடைத்தன? இன்னொன்றும் கேட்க வேண்டும். சியான் நகரத்தில் ஒரு சிறுமியின் கல் சவப்பெட்டியில் “திறப்பவர் உடனே சாவார்” என்று எழுதியிருந்ததாகவும், அதை மீறித் திறந்ததாகவும் படித்தேன். புதைத்தவர்களின் விருப்பத்தை மீறித் தோண்டுவதற்கும் கொள்ளைக்கும் என்ன வேறுபாடு? பொறுமையாகப் பதில் எழுதினால் மகிழ்வேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் தளபதியும் சிறுமியும் தனித்தனியாக வருகிறார்கள். அவர்கள் ஒரே குடும்பம். அதைக் கடைசியில் சொல்கிறேன், குடுவையிலிருந்து தொடங்குவோம்.

அந்தத் தளபதியின் பெயர் லி சியான். நிங்ஷியா பகுதியிலுள்ள குயுவானுக்கு அக்காலத்தில் யுவான்சோ என்று பெயர். மேற்கிலிருந்து வரும் வணிகப் பாதை தலைநகர் சாங்ஆனை (இன்றைய சியான் நகரம்) நோக்கி இறங்கும் வழியில் அது ஒரு காவல் நகரம். கி.பி. 569இல், வடசீனாவின் மேற்குப் பகுதியை ஆண்ட வடக்குச் சோ அரசின் காலத்தில் அவர் இறந்தார். 1983இல் அவருடைய கல்லறை அகழப்பட்டது. பழங்காலத்திலேயே திருடர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள். ஆனால் அது செங்கல்லால் கட்டிய அறை அன்று. மஞ்சள் வண்டல் மண்ணைக் குடைந்து உருவாக்கியது. அதன் கூரை இடிந்து விழுந்த மண்தான் குடுவையையும் பிற பொருட்களையும் மூடிக் காத்தது.

கல்லறையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அதற்குள் இருந்த பொருட்களைப் பேசுவது சரியாக இராது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தெற்கிலிருந்து ஏறக்குறைய 42 மீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவுப் பாதை கீழே இறங்குகிறது. பாதையின் முற்பகுதி திறந்த வெட்டு. பின்பு அது மண்ணுக்குள் புகுந்து குகைவழியாகச் சென்று, வான் தெரியும் செங்குத்தான குழி ஒன்றில் வெளிப்பட்டு, மீண்டும் குகைவழிக்குள் நுழைகிறது. இப்படி மூன்று குழிகள், மூன்று குகைவழிகள். சீனத் தொல்லியலாளர்கள் இந்தக் குழிகளை “வான்கிணறு” என்கிறார்கள். ஆழத்தில் வேலை செய்பவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் தருவதற்கும் தோண்டிய மண்ணை மேலே தூக்குவதற்கும் இவை உதவின. ஆனால் அதோடு முடியவில்லை. குகைவழிகள் தொடங்கும் இடங்களின் மேற்சுவரில் வாயில் மாடங்களை வரைந்திருக்கிறார்கள். பக்கச் சுவர்களில் வாளேந்திய காவலர்கள் நிற்கிறார்கள். வாயிலைத் தாண்டினால் முற்றம், அடுத்த வாயில், அடுத்த முற்றம், கடைசியில் வீட்டின் உட்கூடம் என்று ஒரு பிரபுவின் மாளிகைக்குள் நடப்பது போன்ற உணர்வை அது தருகிறது. உட்கூடம் என்பது பக்கத்துக்கு ஏறக்குறைய 4 மீட்டர் உள்ள அறை; அதன் சுவரில் பணிப்பெண்களும் இசைக்கும் பெண்களும் தீட்டப்பட்டிருந்தார்கள். ஓவியங்களில் ஒரு பகுதியே இன்று எஞ்சியிருக்கிறது.

கிடைத்த பொருட்களில் பெரும்பாலானவை சுடுமண் பாவைகள், 200க்கும் மேற்பட்டவை. கல்லறைக் காவல் உருவங்கள், கவசமணிந்த குதிரை வீரர்கள், அதிகாரிகள், மேற்கத்திய முகம் கொண்ட அயலார், ஒட்டகம், நாய், கோழி, கிணறு, அடுப்பு என ஒரு வீட்டுக்கும் ஒரு படைக்கும் வேண்டியதெல்லாம் சிறிய அளவில் இருக்கின்றன. இவை அழகானவை என்று சொல்ல மாட்டேன். வடக்குச் சோ காலப் பாவைகளை ஒற்றை அச்சில் அழுத்தி எடுத்தார்கள். முதுகுப்புறம் தட்டையாக இருக்கும், உள்ளே கூடில்லாத கெட்டி மண். அடுத்த ஆண்டான 570இல், எதிரி நாடான வடக்குச் சியில், இன்றைய தாய்யுவானுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்ட லோ ருய் என்ற பிரபுவின் கல்லறையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1979 முதல் 1981 வரை அகழப்பட்ட அந்தக் கல்லறையில் 200 சதுர மீட்டருக்கு மேல் ஓவியங்கள். பொருட்கள் 800க்கு மேல். பாவைகள் ஒவ்வொன்றும் தேர்ந்த கைவேலை. ஏழ்மையாகப் புதைத்த மேற்கு நாடுதான் 577இல் செழிப்பாகப் புதைத்த கிழக்கு நாட்டை வென்றது. இதைக் காரணமும் விளைவுமாக ஆக்கிவிடக் கூடாது. ஆனால் லி சியானின் பாவைகளைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இந்த எளிய மண் பாவைகளுக்கு நடுவே இருந்ததுதான் நீங்கள் பார்த்த குடுவை. வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது, உயரம் 37.5 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மூடி காணாமல் போயிருக்கிறது. கைப்பிடியின் இரு முனைகளும் ஒட்டகத் தலைகளாக முடிகின்றன. கைப்பிடியின் உச்சியில் தொப்பியணிந்த ஒரு மனிதத் தலை. பாதத்தைச் சுற்றி மணிகோத்தது போன்ற விளிம்பு, சசானியப் பாரசீகத்தின் பாணி. வயிற்றுப் பகுதியில் ஆணும் பெண்ணுமாக மூன்று இணைகள், அதாவது ஆறு உருவங்கள். ஒருவன் பழம் போன்ற உருண்டைகளைப் பெண்ணிடம் நீட்டுகிறான். ஒருவன் பெண்ணின் மோவாயைத் தொடுகிறான். ஒருவனிடம் ஈட்டியும் கேடயமும் இருக்கின்றன. பாரிஸ் அழகுத் தெய்வத்துக்குக் கனி கொடுத்தது, ஹெலனைக் கவர்ந்து சென்றது, போருக்குப் பின் கணவனிடம் அவள் திரும்பியது என்று இந்த மூன்றையும் வாசித்தவர் ருஷ்ய அறிஞர் போரிஸ் மர்ஷாக். பலர் இதை ஏற்கிறார்கள், எல்லோரும் ஏற்கவில்லை. செய்யப்பட்ட இடம் பாக்திரியா, அதாவது இன்றைய வட ஆப்கானிஸ்தானை ஒட்டிய பகுதி என்பதே பெரும்பாலோர் கருத்து.

லி சியானுக்குக் கதை தெரிந்திருக்குமா என்று கேட்டீர்கள். தெரிந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். அதற்கு முன், செய்தவருக்கே அது எவ்வளவு தெரிந்திருந்தது என்று கேட்க வேண்டும். அலெக்சாந்தருக்குப் பின் பாக்திரியாவில் வேரூன்றிய கிரேக்கக் கலை, இந்தக் குடுவை உருவாகும் காலத்துக்குள் பல நூற்றாண்டுகளைக் கடந்திருந்தது. உருவங்களின் உடையும் நிற்கும் முறையும் மூல மரபிலிருந்து விலகியிருக்கின்றன. மர்ஷாக்கின் வாசிப்பை ஒருவர் மறுக்க இடம் இருப்பதே அதனால்தான். கதை கைமாறிக் கைமாறித் தேய்ந்து, உருவம் மட்டும் எஞ்சிய நிலையில்தான் அந்தக் குடுவை கிழக்கே பயணம் செய்திருக்கிறது. தொலைதூரத்திலிருந்து வந்த, கனமான, அரிய வெள்ளி மதுக்குடுவை என்பதே லி சியானின் வீட்டில் அதற்குப் போதுமான பெருமையாக இருந்திருக்கும்.

அது தனியாகவும் வரவில்லை. வெளிர்ப்பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. அதன் வெளிப்புறத்தில் வட்டமான புடைப்புகள் மேல்வரிசையில் 8, கீழ்வரிசையில் 6 என்று செதுக்கப்பட்டிருக்கின்றன. இது சசானியக் கண்ணாடி. இதே வகைக் கிண்ணத்தின் உடைந்த துண்டு ஜப்பானின் ஒகினோஷிமா தீவில் கிடைத்திருப்பதை எண்ணினால் இந்தப் பண்டங்கள் எவ்வளவு தூரம் சென்றன என்பது புரியும். லேபிஸ் லசுலி என்ற நீலக்கல் பதித்த பொன் மோதிரமும், உறையோடு கூடிய இரும்பு வாளும் இருந்தன. அந்த வாள் உறையின் பக்கத்தில் இரண்டு இடங்களில் கொக்கியிட்டு இடைக்கச்சையில் தொங்கவிடும் வகையைச் சேர்ந்தது. சீனாவின் பழைய முறை வேறு. குதிரை மீதிருந்து போரிடும் மேற்கத்தியரிடமிருந்து வந்த இந்த முறையின் மிக முந்தைய சான்றுகளில் ஒன்று இந்த வாள். குடுவையை எல்லோரும் படமெடுக்கிறார்கள். வாளை யாரும் கவனிப்பதில்லை என்ற குறை எனக்கு உண்டு. குடுவை ஓர் அரிய பொருள். வாளோ அவர் அன்றாடம் இடுப்பில் அணிந்திருக்கக்கூடியது.

இந்தப் பொருட்களையெல்லாம் பேச வைப்பது கல்லறையில் கிடைத்த கல்வெட்டுதான். அதன் மூடியில் ஒன்பது எழுத்துகள்: மாபெரும் சோ அரசின் “நாட்டின் தூண்”, ஹெக்சியின் கோமான், அவருடைய கல்லறை வாசகம் என்பது அவற்றின் பொருள். மனைவி வூ ஹுய் 547இலேயே இறந்துவிட்டார். அவருக்கும் தனிக் கல்வெட்டு இருக்கிறது. இவர்களைப் பற்றி அரசு வரலாற்று நூலான “சோ நூல்” நிறையச் சொல்கிறது. வடக்குச் சோவுக்கு அடித்தளமிட்ட யூவென் தாய், தம் இரண்டு மகன்களை அரண்மனையில் வளர்ப்பது நல்லதன்று என்று கருதி, குழந்தைகளாகவே லி சியானின் வீட்டில் விட்டார்; ஆறு ஆண்டுகள் அங்கே வளர்ந்தார்கள். வூ ஹுய்க்குத் தம் குலப்பெயரையே கொடுத்து, அண்ணன் மகளாக ஏற்றுக்கொண்டார். அந்தக் குழந்தைகளில் ஒருவன்தான் பின்னாளில் பேரரசர் வூ. அவர் 563இல் மேற்கே சென்றபோது, தாம் வளர்ந்த அந்த வீட்டுக்குப் போனார். லி சியான் அப்போது துன்ஹுவாங்கை உள்ளடக்கிய குவாசோவின் ஆளுநராக இருந்தார். அவருக்குப் பேரரசர் அனுப்பிய பரிசுகளில் தாம் அணிந்திருந்த பதின்மூன்று வளையப் பொன் கச்சையும் 10,000 வெள்ளிக் காசுகளும் இருந்ததாக அந்த நூல் பட்டியலிடுகிறது. சீன அரசுகள் அக்காலத்தில் வெள்ளியில் காசு அடிக்கவில்லை. ஹெக்சிப் பகுதியில் மேற்கு நாட்டுப் பொன், வெள்ளிக் காசுகள் தடையின்றிப் புழங்கின. எனவே குடுவை அரச பரிசாக வந்திருக்கலாம். வணிகப் பாதையின் வாயிலான குவாசோவில் அவர் கைக்கு வந்திருக்கலாம். இரண்டுமே ஊகம்தான், ஆனால் இடத்தையும் காலத்தையும் பற்றி நிற்கும் ஊகங்கள்.

கல்வெட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. குடும்பம் ஹான் காலத் தளபதி லி லிங்கின் வழிவந்தது என்று அது பெருமை கொள்கிறது. லி லிங் வடபுல்வெளியின் ஷியோங்னுக்களிடம் பிடிபட்டு, அங்கேயே வாழ்ந்து இறந்தவர். அதே மூச்சில், பத்துத் தலைமுறைக்கு முந்தைய மூதாதை ஒருவர் வடபுல்வெளி மக்களான சியான்பெய்களின் அரசனுக்குத் துணைநின்று, மலையைக் குடைந்து வழி அமைத்து, யின் மலையைத் தாண்டித் தெற்கே வந்ததாகவும், துவோபா என்ற குலப்பெயரை ஏற்றதாகவும் சொல்கிறது. மூதாதையின் பெயர் சீனப் பெயரே அன்று. புல்வெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் சீன வேரைத் தேடிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆகவே “சீனத் தளபதியிடம் அயல்நாட்டுக் குடுவை” என்ற வியப்பில் முதல் சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

திருடர்கள் அந்த மண்ணைக் கிளறிக் குடுவையை எடுத்திருந்தால், எங்கோ ஒரு கண்ணாடிப் பேழையில் “பாக்திரியா, காலம் உறுதியில்லை” என்ற சீட்டோடு அது நின்றிருக்கும். 569க்கு முன் செய்யப்பட்டது என்பதும், யார் வைத்திருந்தார் என்பதும், எதனோடு சேர்த்து வைத்தார்கள் என்பதும் போயிருக்கும். காலம் தெரியாத பிற வெள்ளிப் பாத்திரங்களை இதனோடு ஒப்பிட்டு ஓரளவு காலம் கணிக்கவும் முடியாது. அகழாய்வுக்கும் கொள்ளைக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சேர்க்கையைக் காப்பதில் இருக்கிறது. எடுத்த பொருள் ஒன்றாகவே இருந்தாலும் இழப்பது ஒன்றன்று.

இனி அந்தச் சிறுமி. அவள் பெயர் லி ஜிங்ஷுன். 608இல், சீனக் கணக்கில் ஒன்பது வயதில் இறந்தாள். சியானில் 1957இல் அகழப்பட்ட அவளுடைய கல் சவப்பெட்டி ஒரு சிறிய மாளிகையின் வடிவில், கதவும் சன்னலும் ஓட்டுக்கூரையுமாகச் செதுக்கப்பட்டது. அவள் லி சியானின் கொள்ளுப்பேத்தி. தாய்வழிப் பாட்டி யாங் லிஹுவா, வடக்குச் சோவின் பேரரசியாக இருந்தவர்; அந்த அரசைக் கவிழ்த்துச் சுய் அரசை நிறுவிய பேரரசரின் மூத்த மகளும் அவரே. பாட்டியிடம் அரண்மனையில் வளர்ந்த குழந்தை அவள். கழுத்தில் இருந்த பொன் மாலையில் 28 பொன் மணிகள், ஒவ்வொன்றிலும் பத்து முத்துகள். கொக்கியில் மான் உருவம் பொறித்த நீலக்கல். சசானிய மன்னர் பெரோஸின் வெள்ளிக் காசு ஒன்றும் கூட இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் மோதிரத்தில் இருந்த அதே மேற்கத்திய ரசனை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குழந்தையின் கழுத்தில் இருக்கிறது.

சவப்பெட்டியில் இருந்த அந்த எச்சரிக்கை திருடர்களை நோக்கி எழுதப்பட்டது என்று வாதாடலாம். எனக்கு அந்த வாதம் நிறைவு தரவில்லை; எழுதியவர் “யாராக இருந்தாலும்” என்றுதான் நினைத்திருப்பார். சிதையாத கல்லறையை, கட்டுமானமோ வெள்ளமோ திருட்டோ அச்சுறுத்தாத நிலையில் திறக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. சீன அரசும் பேரரசர்களின் கல்லறைகளைத் தானாக முன்வந்து திறக்க அனுமதிப்பதில்லை. அந்தக் கொள்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் திறந்தாகிவிட்ட பிறகு, அங்கே இருந்ததை ஒழுங்காகப் பதிந்து வாசிப்பதை விட்டுவிட்டு, மாலையை மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது அவளுக்கு இரண்டாவது அநீதி.

பாட்டி யாங் லிஹுவா அடுத்த ஆண்டே, 609இல் இறந்தார். 615இல், லி என்ற பெயருடையவன் அரியணை ஏறுவான் என்ற ஆருடத்துக்கு அஞ்சிய சுய் பேரரசர் யாங், அவள் தந்தை லி மின்னை உறவினர்களோடு கொன்றார். சில மாதங்களில் அவள் தாய்க்கும் நஞ்சு கொடுக்கப்பட்டது. சிறுமியை அடக்கம் செய்தவர்களுக்கு அப்போது இவை எதுவும் தெரியாது. ஒரு பிக்குணி மடத்தின் வளாகத்துக்குள் புதைத்து, மேலே ஒரு கட்டடமும் எழுப்பி, அவள் யாரும் தொடாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

அன்புடன்.