மூன்று மவுஸ் மாற்றியும் அம்புக்குறி தத்துகிறது!

கேள்வி: ஐயா, எங்களுடையது சின்ன அச்சகம். பேஜ்மேக்கர் 7-ம் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் இருக்கின்றன என்பதால் 2005-ல் வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்னும் விடவில்லை. இரண்டு மாதமாக மவுஸ் அம்புக்குறி நின்று நின்று தத்துகிறது. பத்திரிகையில் பிள்ளையார் படத்தை நகர்த்தினால் மணமகள் பெயர் மேல் போய் உட்காருகிறார். மூன்று மவுஸ் மாற்றியாயிற்று, மவுஸ் பேடும் புதிது. வேலை செய்யும்போது போடும் பாட்டும் அந்த நேரத்தில் விக்குகிறது. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. என்ன செய்யலாம்?
— அச்சக உரிமையாளர், புதுக்கோட்டை

பதில்: மூன்று மவுஸுக்குக் காசு கொடுத்துவிட்டு, விடையைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாட்டு விக்குகிறது என்றீர்களே, அதுதான். மவுஸ் கெட்டால் பாட்டுக்கு என்ன வந்தது? இரண்டும் ஒரே நேரத்தில் திக்கினால், பிராசசர் வேறெங்கோ மாட்டிக்கொண்டு முழிக்கிறது. பந்து மவுஸ் காலமாக இருந்தால் உருளையில் படிந்த அழுக்கைக் குண்டூசியால் சுரண்டச் சொல்லியிருப்பேன். இது அந்தக் கதை இல்லை.

உங்கள் வயது கம்ப்யூட்டரில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹார்ட் டிஸ்க்கை. டிஸ்க்கிலிருந்து தகவல் வர இரண்டு வழி உண்டு. டிஎம்ஏ முறையில் அது நேராக ராமுக்குப் போய்விடும், பிராசசர் தன் வேலையைப் பார்க்கும். பிஐஓ முறையில் ஒவ்வொரு மூட்டையையும் பிராசசரே தூக்கிப் போட வேண்டும். முதலாளியே சுமை தூக்கினால் கல்லாவில் யார் உட்காருவது? டிஸ்க்கிலிருந்து படிக்கும்போது பிழை வந்துகொண்டே இருந்தால், ஆறு பிழைக்கு ஒரு படி என்று எக்ஸ்பி வேகத்தை இறக்கி, கடைசியில் பிஐஓ-வில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாது.

பார்த்துவிடுங்கள்: மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், மேனேஜ், டிவைஸ் மேனேஜர். ஐடிஇ கண்ட்ரோலர் (ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் பகுதி) வரிசையில் 'பிரைமரி ஐடிஇ சேனல்' இருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். டிவைஸ் 0-வுக்குக் கீழே 'அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5' என்று இருந்தால் நான் சொன்னது தப்பு, மறுபடி எழுதுங்கள். 'பிஐஓ மோடு' என்று இருந்தால் திருடன் அகப்பட்டான். நொடிக்கு 100 எம்பி போக வேண்டிய பாதையில் 16 எம்பிதான் போகிறது.

கை வைப்பதற்கு முன் பத்திரிகை ஃபைல்களையும் எழுத்துரு ஃபோல்டரையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். இதைச் சோம்பலில் தள்ளிப்போடாதீர்கள். பிறகு அதே பிரைமரி சேனல் மேல் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயம் வேண்டாம், டிஸ்க்கில் உள்ளது எதுவும் அழியாது. எக்ஸ்பி சேனலைத் தானே கண்டுபிடித்து டிஎம்ஏ-வில் புதிதாகத் தொடங்கும். இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும், கொடுங்கள்.

பத்து நாளில் பழையபடி பிஐஓ-வுக்கு இறங்கினால், பிழை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கரண்ட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேஸைத் திறந்து, டிஸ்க்குக்குப் போகும் தட்டை கேபிளை மாற்றிப் பாருங்கள். நுண்ணிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும் 80 கம்பி கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். 40 கம்பி கேபிளில் இந்த வேகம் வராது. என் கடைக்கு வந்த ஒரு ஸ்டுடியோக்காரரிடம் வேறெங்கோ மதர்போர்டையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். கேபிள் மடிப்பில் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். கேபிள் மாற்றியும் இறங்கினால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது. முகூர்த்த வேலையை அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மட்டும் என் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது. ஏன்?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: யுஎஸ்பி 3.0 டிஸ்க் வேலை செய்யும்போது, மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். மவுஸ் ரிசீவர் பக்கத்துப் பொந்திலேயே இருக்கிறதல்லவா? ஒரு முழ யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் அதைச் செருகி மவுஸ் பக்கம் கொண்டுவந்து வையுங்கள்.