கணவாய்க் காற்றும் மூன்று மணித் தூக்கமும்: நெடுந்தூர சைக்கிள் கேள்வி-பதில்

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கிழக்கே மிதித்தால் பொள்ளாச்சி, மேற்கே மிதித்தால் பாலக்காடு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் சைக்கிள் வாழ்க்கை முழுவதும் ஓடியிருக்கிறது. எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் நம் ஆட்கள் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ என்ற நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் முதல் 200 கிலோமீட்டருக்குத் தயாராகிறவர்கள் நிறைய, 600 போய் நொந்து திரும்பியவர்கள் சிலர். கேள்வி எதுவானாலும், உடம்பு முதலில் மெதுவாகச் சொல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஆடி மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து குருவாயூருக்கு ஒரே நாளில் சைக்கிளில் போக ஆசை. போன வருடம் முயன்றேன். கொல்லங்கோடு தாண்டுவதற்குள் கால் செத்துவிட்டது. சமதரைதானே, ஏன் இப்படி? (பொள்ளாச்சி)

தரை சமமாக இருந்தாலும் காற்று உங்களுக்கு மலைதான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் மேல்காற்று முழுக்க இந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது நம் ஊரை வைத்துத்தானோ என்று எனக்குத் தோன்றும். கோவிந்தாபுரம் தாண்டியதும் ஒரு நிமிடம் நின்று தென்னந்தோப்பைப் பாருங்கள். மட்டையெல்லாம் கிழக்குப் பார்த்து வாரிவிட்ட தலைமுடி மாதிரி இருக்கும். அதை எதிர்த்துத்தான் நீங்கள் நாள் முழுக்க மிதிக்கிறீர்கள்.

காற்றின் எதிர்ப்பு நேர்க்கணக்கில் ஏறாது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உங்கள் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 40. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த நிலையிலும் 20-ஐ விடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்ததுதான் உங்கள் காலைத் தின்றது.

அதனால் அன்றைக்கு வேகம் காட்டும் மீட்டரைப் பார்க்காதீர்கள். இரண்டு கியர் இறக்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். 14 வந்தால் 14. முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள், படபடக்கும் சட்டையைப் போடாதீர்கள். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நெம்மாறையைத் தாண்டிவிடலாம். கூட்டாளி இருந்தால் ஆளுக்குப் பத்து நிமிடம் முன்னால் போங்கள், பின்னால் வருபவருக்குப் பாரம் நன்றாகக் குறையும். ஆனால் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது பிரேக் போடுவது உங்களுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

ஒரு ஆறுதல், திரும்பி வரும்போது அதே காற்று உங்களைப் பொள்ளாச்சி வரை தள்ளிக்கொண்டு வந்துவிடும். மார்கழி, தையில் இது தலைகீழ். அப்போது கிழக்கிலிருந்து வீசும்.

கூச்சத்தோடுதான் கேட்கிறேன். 80 கிலோமீட்டருக்கு மேல் உட்காரும் இடத்தில் தோல் உரிந்து எரிகிறது. ஜெல் கவர் வாங்கிப் போட்டும் குறையவில்லை. பெண்களுக்கு இது சகஜமா? (சித்தூர்)

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆண், பெண் எல்லோருக்கும் வருவது, பாதி வழியில் பயணத்தை விடவைப்பதும் பெரும்பாலும் இதுதான்.

முதலில் அந்த ஜெல் கவரைக் கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அது சொகுசு. அதற்கு மேல் எலும்பு ஜெல்லுக்குள் அமிழ்ந்து, எடை முழுக்க நடுவிலிருக்கும் மென்மையான சதைக்குப் போய்விடும். பாரத்தைத் தாங்க வேண்டியது இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகள். பெண்களுக்குப் பொதுவாக அவற்றின் இடைவெளி கொஞ்சம் அதிகம். கெட்டியான அட்டையின் மேல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்துகொண்டு, அதைவிடச் சற்று அகலமான, நடுவில் பள்ளம் விட்ட சீட்டாக வாங்குங்கள். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் சமமாக்குங்கள்.

அடுத்தது துணி. மெத்தை வைத்த சைக்கிள் டவுசருக்கு உள்ளே வேறு உள்ளாடை போடக்கூடாது. புதிதாக வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு இது. உள்ளாடையின் தையல்தான் நாள் முழுக்க அரம் மாதிரி அறுக்கிறது. கிளம்புவதற்கு முன் தோல் உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அவசரத்துக்கு உதவும், ஆனால் வெயிலில் தண்ணீராய் ஓடிவிடுவதால் அடிக்கடி தடவ வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதித்தால் ரத்தம் ஓடும்.

லேசாகச் சுரீர் என்று தொடங்கும்போதே இறங்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்கும்போது கழுவி, துடைத்து, மறுபடி தடவிக்கொண்டு போக ஐந்து நிமிடம் போதும். உரிந்த பிறகு ஐந்து நாளாகும். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியோடு உட்கார்ந்து கதை பேசாமல் உடனே குளியுங்கள். கட்டி பழுத்து, காய்ச்சலும் வந்தால் கை வைக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரமும் இதே மாதிரி அறுக்கும். பழகியவர்கள் கப் பயன்படுத்துகிறார்கள், நீண்ட பயணத்துக்கு அதுதான் தோது என்று என் மனைவியும் சொல்கிறாள்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. (மீனாட்சிபுரம்)

உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகும் நரம்பை ஹேண்டில்பார் அழுத்துகிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், மணிக்கட்டை மடக்காதீர்கள், மெத்தை வைத்த கையுறை போடுங்கள். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தாலும் உடம்பு முன்னால் வழுக்கி எடை கைக்கு வரும். பயணம் முடிந்து சில நாளாகியும் மரமரப்புப் போகாவிட்டால், அல்லது விரலில் பிடிமானம் குறைந்தால் காட்டிவிடுங்கள்.

முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. எண்ணெய் தேய்த்தால் போதுமா? (வேலந்தாவளம்)

எண்ணெயை விட ஸ்பேனர்தான் வேண்டும். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கும். சுவரைப் பிடித்து உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் சரியாக நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும். மாற்றும்போது அரை சென்டிமீட்டருக்கு மேல் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பெரிய கியரைப் போட்டு அமுக்கி மிதிப்பதையும் விடுங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று வருகிற மாதிரி லேசாகச் சுற்றுங்கள்.

வெளிநாட்டு ஜெல் பாக்கெட் இல்லாமல் 300 கிலோமீட்டர் போக முடியுமா? நான் சைவம். அப்புறம், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? (கோவை)

தாராளமாகப் போகலாம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் போதும், அது எந்த வடிவத்தில் வந்தாலும் காலுக்குத் தெரியாது. நல்ல நேந்திரம் பழம் ஒன்றும் இரண்டு கடலைமிட்டாயும் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடும். காலையில் இட்லியோ, புட்டும் பழமுமோ சாப்பிடலாம். மதியம் தட்டுக்கடையில் உப்புப் போட்ட கஞ்சியும் பயறும் கிடைத்தால் விடாதீர்கள். பசித்த பிறகு சாப்பிடுவதென்று வைத்துக்கொண்டால் பிந்திவிட்டீர்கள். அரை மணிக்கு ஒரு வாய் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு சித்திரை வெயிலில் 300 போனேன். பாலக்காட்டில் அந்த மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. பயந்துபோய் மணிக்கு மணி வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தேன். வடக்கஞ்சேரிக்குப் பக்கத்தில் கையுறை இறுக்கமாகத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் விரலெல்லாம் உப்பி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. தலைவலி, குமட்டல். தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து இன்னும் ஒரு பாட்டில் குடித்தேன். எல்லாம் வாந்தியாகிவிட்டது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, நான் தண்ணீரை மட்டும் ஊற்றி ரத்தத்திலிருந்த சோடியத்தை நீர்த்துப்போகச் செய்திருக்கிறேன். இது முற்றினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து.

ஆகவே தாகத்துக்குக் குடியுங்கள், தாகத்தை மீறி ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ், இன்னொன்றில் தண்ணீர். ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். எல்லை தாண்டினால் சம்பாரம் கிடைக்கும். இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட உப்பு மோர், அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலில் இருங்கள். கூட வருபவர் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், வியர்வை நின்றிருந்தாலும் ஓடினாலும் அது வெயில் அடிதான் என்று எடுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் தருகிறார்கள். தூங்காமல் சமாளிப்பது எப்படி? (பாலக்காடு)

சமாளிக்காதீர்கள், தூங்குங்கள். இரவு இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பின் கடிகாரமே இறங்கிக் கிடக்கும் நேரம். அப்போது கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு, மூன்று நொடி அணைந்து எரியும். ஆலத்தூர்ப் பக்கம் ஒரு விடியலுக்கு முன்னால், சாலையோரத்தில் ஒரு யானை காதாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். டார்ச் அடித்தேன். தார்ப்பாய் போர்த்திய வைக்கோல் வண்டி, ஓரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே இரண்டு முறை வெள்ளைக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தேன். அதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் தகவல்.

ஒரே பாட்டை முணுமுணுப்பது, கொட்டாவி அடுக்கடுக்காக வருவது, கோட்டைத் தாண்டுவது, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த பஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஒரு கட்டன் சாயாவோ (பால் விடாத டீ) காப்பியோ குடித்துவிட்டு, உடனே 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். காப்பி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும், இரண்டும் சேர்ந்து எழுப்பிவிடும். ஒளிரும் மேல்சட்டையைக் கழற்றாமல் படுங்கள். 600-ல் முதல் 350, 400-ஐ ஒழுங்காக முடித்தால் மூன்று மணி நேரம் கட்டிலில் நிம்மதியாகத் தூங்க நேரம் இருக்கும். அந்தத் தூக்கத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்து, தங்கும் இடத்தைச் சொல்லி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடி இறங்கலாமா? (உடுமலை)

40 கொண்டை ஊசி வளைவு ஏறுவது பொறுமைதான், முடிந்துவிடும். எனக்குக் கவலை இறக்கம். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். நடுவில் நின்று ரிம்மை ஆறவிடுங்கள். மழையில் முதல் சில சுற்றுக்கு ரிம் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, முன்கூட்டியே அழுத்துங்கள். மளுக்கப்பாறைக்கு அப்புறம் அடர்ந்த காடு, யானை நடமாடும் பாதை. மாலைக்குப் பிறகு சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். அன்றைய நிலவரத்தை அங்கேயே கேட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் போங்கள். தனியாகப் போவதானால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

400-ல் 280-வது கிலோமீட்டரில் விட்டுவிட்டேன். மனது ஆறவில்லை. எப்போது விடலாம், எப்போது தாங்கலாம்? (நெம்மாறை)

நானும் விட்டிருக்கிறேன். 600-ல் 430-வது கிலோமீட்டர், இடது முட்டி மடங்கவில்லை. பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிப்போன டெம்போ ஒன்றை நிறுத்தி, சைக்கிளைப் படுக்கவைத்து, குவியலின் மேல் நானும் உட்கார்ந்தேன். டிரைவர் அண்ணன் ஒன்றுமே கேட்காமல் ஒரு இளநீரை வெட்டி நீட்டினார். அந்த இளநீர் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவு அழுகை. உங்கள் மனது எனக்குப் புரிகிறது.

நான் இப்போது வைத்திருக்கும் வழி இது. தொடை எரிவது, முதுகு இழுப்பது, சலிப்பு, ஏன் வந்தோம் என்ற கோபம், இதெல்லாம் சாப்பிட்டு, கால் மணி நேரம் படுத்தால் மாறக்கூடியவை. பசித்த வயிற்றோடு விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்காதீர்கள். சாப்பிட்டு ஓய்வெடுத்த பின்னும் ஏறிக்கொண்டே போகும் மூட்டு வலி, நெஞ்சில் அழுத்தம், தலையைத் தூக்க முடியாமல் கழுத்துத் தொங்குவது, சிறுநீர் கருஞ்சிவப்பாக, கோலா நிறத்தில் போவது, வழி மறந்து குழம்புவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் அப்படிப் போனால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எழுதியிருந்தது இடைவிடாத வாந்தியும் மயக்கமும். விட்டதுதான் சரி.

அப்பாவின் பழைய 28 இஞ்ச் சைக்கிளில் 200 கிலோமீட்டர் பிரெவே போகலாமா? சிரிப்பார்களா? (கோபாலபுரம்)

யாரும் சிரிக்கமாட்டார்கள், கைதட்டுவார்கள். 200-க்கு 13 மணி 30 நிமிடம் இருக்கிறது. நிற்பதையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தால் போதும். பால்கேனைக் கட்டிக்கொண்டு நம் பெரியவர்கள் இந்த வண்டியில் போகாத தூரமா? கிளம்புவதற்கு முன் சக்கரம், பெடல், அச்சு மூன்றின் குண்டுகளையும் கழுவிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பின்சக்கரப் பல்லை இரண்டு, மூன்று பல் பெரிதாக மாற்றினால் ஏற்றத்தில் முட்டி தப்பிக்கும். பிரேக் கட்டை நான்கையும் புதிதாகப் போடுங்கள். முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, ஒளிரும் மேல்சட்டை இல்லாமல் கிளம்ப விடமாட்டார்கள். கருவேல முள் கிடக்கும் சாலை என்பதால் டியூப் இரண்டு, பஞ்சர் சாமான், கைப்பம்பு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். அதை மறந்துவிட்டு நடுவழியில் நிற்பவர்கள் அதிகம். வரும் ஞாயிறு 60 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கே வலித்தது என்று எழுதுங்கள். அதை வைத்து சீட் உயரத்தைச் சொல்கிறேன்.