மனை நடுவே காட்டுப் பூவரசு: வெட்டலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் வீடு கட்ட 10 சென்ட் வாங்கியிருக்கிறோம். நடுவில் சிவப்பாகப் பூக்கும் பழைய காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான் மரம்) நிற்கிறது. பட்ட மரம் என்று காட்டி வெட்டிவிடலாம், இல்லையென்றால் வேரோடு பெயர்த்து ஓரத்தில் நட்டுவிடலாம் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே வந்த தனிச் சட்டத்தின்படி அமைந்த குழு அது.

மரம் எப்படிப் பட்டுப்போகிறது தெரியுமா? அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரிப்பார்கள், அல்லது துளை போட்டு ஆசிட் ஊற்றுவார்கள். இலை கருகியதும் படம் எடுத்து மனு கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும். புரோக்கர் போனை எடுக்க மாட்டார். பெயர்த்து நடுவதும் வீண். இதன் வேர் மேல்மண்ணிலேயே பரவும், கூட வாழும் பூஞ்சையை நம்பிப் பிழைக்கும். ஜேசிபி வாளி பட்டால் பழைய மரம் தேறுவது கடினம்.

உறைபனியையும் புல்வெளித் தீயையும் தாங்கி, சோலைக்காட்டுக்கு வெளியே தனியாக நிற்கக்கூடிய மரங்கள் நம் மலையில் மிகச் சில. அதில் இது ஒன்று. பனிக்காலத்தில் தேன்சிட்டுக்கும் தேனீக்கும் தேன் தருவது இதன் பூ. இதே இனம்தான் உத்தராகண்டின் மாநில மரமான புராஞ்ச்; அங்கே பூவைப் பிழிந்து சர்பத் செய்கிறார்கள். நேபாளத்துக்கு இது தேசிய மலர். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் உண்டு.

உண்மையிலேயே ஆபத்தான மரம் என்றால் விஷயம் வேறு. ஆனால் சாய்ந்திருப்பது மட்டும் ஆபத்து ஆகாது. சரிவில் வளரும் மரம் சாய்ந்துதான் வளரும். வேர்ப் பக்கம் மண் புதிதாக வெடித்திருக்கிறதா, வேர் தூக்கியிருக்கிறதா, அடிமரம் கூடாகிவிட்டதா என்று பாருங்கள். இருந்தால் தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வருவாய்த் துறை வனத் துறையைக் காட்டும், வனத் துறை வருவாய்த் துறையைக் காட்டும். மாதக்கணக்கில் மக்களை இப்படி அலைய விடுவதால்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை.

உங்களுக்கு மனு கூடத் தேவைப்படாது. அஸ்திவாரம் போடுமுன் பொறியாளரிடம் சொல்லி வீட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வரையச் சொல்லுங்கள். கிளை பரவியிருக்கும் வட்டத்துக்குள் மண்ணைத் தோண்டக் கூடாது. சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். அமில மண்ணில் வாழும் இந்த மரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது.