கணவருடைய சிபில் குறைவாக இருக்கும்போது வாடகை வீடு கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: கணவருக்கு வியாபாரத்தில் நட்டம் வந்து தவணைகள் நின்றுபோனதால் அவருடைய சிபில் மதிப்பெண் மிகவும் இறங்கிவிட்டது, நீங்கள் தனியார் பள்ளி ஆசிரியை, உங்கள் பெயரில் கடன் இல்லை, பாளையங்கோட்டையில் வீடு பார்க்கும் இடத்தில் புரோக்கர் இருவருடைய சிபில் அறிக்கையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார், அனுப்புவதா, வீட்டுக்காரரிடம் சொல்வதா, மறைப்பதா என்று தெரியவில்லை.

நாங்கள் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியைப் பல ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வருகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அறிக்கையை அனுப்ப வேண்டாம், விஷயத்தை மறைக்கவும் வேண்டாம்.

சிபில் என்பது, அதே பெயருள்ள கடன் தகவல் நிறுவனம் தரும், 300 முதல் 900 வரை போகும் மதிப்பெண். வாங்கிய கடனை ஒருவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்றவைதான் அந்தத் தகவலை நேரடியாகப் பெற முடியும். தனி வீட்டுக்காரரோ புரோக்கரோ பெற முடியாது என்பதால்தான் உங்களையே எடுத்துத் தரச் சொல்கிறார்கள். அந்த அறிக்கையில் பான் எண், பிறந்த தேதி, பழைய முகவரிகள், தொலைபேசி எண்கள், ஒவ்வொரு கடனின் நிலுவை என்று எல்லாமே இருக்கும். நாள்தோறும் பலருக்கு வீடு காட்டும் ஒருவருடைய கைபேசியில் அது கிடப்பது நல்லதல்ல.

கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. கூட்டாக வாங்கிய கடனோ, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனோ இருந்தால் மட்டுமே அவருடைய தவறிய தவணை உங்கள் அறிக்கையிலும் ஏறும். ஆனால் வியாபாரக் கடனுக்கு மனைவியின் கையெழுத்தையும் வாங்குவது சகஜம் என்பதால், உங்கள் அறிக்கையை நீங்களே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர் மனத்தில் இருப்பவை இரண்டு கவலைகள்: மாதம் பிறந்தால் வாடகை ஒழுங்காக வருமா, காலி செய்யச் சொன்னால் தகராறு இல்லாமல் செய்வார்களா. இவற்றுக்குச் சிபில் அறிக்கையில் பதில் இல்லை. உங்கள் வங்கிக் கணக்கிலும் முந்தைய வீட்டுக்காரரின் வாயிலும் இருக்கிறது. எங்கள் மாடிக்கு வந்த ஒரு தம்பதிக்கும் ஏறக்குறைய உங்கள் நிலைமைதான். வீட்டைப் பார்த்து முடித்ததும் அந்த அம்மாள் கீழே வந்து உட்கார்ந்து, பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து என் தந்தையிடம் விரித்துக் காட்டினார். முந்தைய வீட்டுக்கு வாடகை அனுப்பிய வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். எல்லாமே மாதத்தின் முதல் வாரத்துக்குள் போயிருந்தன. மின்கட்டண ரசீதுகளும் அதற்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தன. பிறகு, "அண்ணாச்சி, இத இப்பவே சொல்லிருதேன். இவுகளுக்குக் கடைல நட்டமாகி பேங்க்ல பாக்கி கெடக்கு. வாடகை என் சம்பளத்துலருந்துதான் வரும்" என்றார். என் தந்தை முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டு வாங்கிப் பேசினார். பேசிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

நீங்களும் அதையே செய்யலாம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகை போன கணக்கு வரிகள், முந்தைய வீட்டுக்காரரின் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, புரோக்கரைத் தாண்டி வீட்டுக்காரரிடமே நேரில் பேசுங்கள். உங்கள் ஒருவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும் வாடகையாகப் பாருங்கள். கணவருக்கு மறுபடி வருமானம் வரும் என்ற நம்பிக்கையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மறைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. தவணை நின்ற கடனென்றால் வசூல் முகவர் புது முகவரிக்கும் வரக்கூடும். கீழே வீட்டுக்காரர் குடியிருக்க, மாடிக்கு வழி கேட்டு ஒருவர் வாசலில் நின்று பணப் பேச்சை எடுத்தால், அதுவரை இருந்த மரியாதை அன்றோடு போய்விடும். வாடகை ஒரு நாளும் தவறாமல் வந்திருந்தாலும் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீட்டுக்காரர் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வார். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கடன் வாங்கியவரை அழைத்து வசூல் பேசக் கூடாது. மிரட்டவோ, குடும்பத்தாரையும் நண்பர்களையும் அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதைவிட நல்லது, வீடு மாறும் முன்பே கணவர் வங்கிக் கிளைக்குப் போய்த் தம் நிலைமையைச் சொல்லி, புது முகவரியையும் தாமே கொடுத்துவிடுவது. பணம் கொடுத்தால் சிபிலை ஏற்றித் தருகிறோம் என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும். உடன் குடியிருப்பவராகக் கணவரின் பெயரையும் அதில் எழுதிவிடுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கணவரின் கடனைக் காரணம் காட்டி ஒருவர் கூடுதல் அட்வான்ஸ் கேட்டால், ஒரு மாத வாடகை அளவுக்கு ஏற்றுக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கென்று புதுக் கடன் வாங்க வேண்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம்.

கடைசியாக ஒத்தி, அதாவது ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்து, அதைத் திருப்பித் தரும்வரை வாடகை இல்லாமல் குடியிருப்பது. நம் பக்கத்தில், "மாத வாடகையே கிடையாது, யாரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள்" என்று சொல்லி உங்களை ஒத்தி வீட்டுக்குத் திருப்பப் பார்ப்பார்கள். அப்படிப் போனால், சில லட்சங்களைக் கொடுத்து வைக்கும் நீங்கள்தான் கடன் கொடுத்தவர். விசாரிக்க வேண்டியவரும் நீங்கள்தான். வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்து, வீட்டுக்காரர் தவணை தவறினால், வங்கிதான் முதலில் வந்து நிற்கும். ஆகவே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தை நகலாக இல்லாமல் அசலாகவே காட்டச் சொல்லுங்கள். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒத்திப் பத்திரம் பதிவாகும் நாளுக்கு முன்பு முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள்.