சுரைப் பிஞ்சு வெம்பி விழுவது: சாயங்காலம் பாருங்கள்

வணக்கம். திருவாரூரில் மாடியில் வைத்த சுரைக்கொடி நிறையப் பூத்தும் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது, காலையில் ஆண் பூவைப் பெண் பூவில் தொட்டுவிட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். உரக் குறையாகத் தெரியவில்லை. மகரந்தம் சேர்க்கும் நேரம்தான் தவறுகிறது.

பரங்கிப் பூ விடியற்காலையில் மலரும். சுரைப் பூ பொழுது சாயும்போதுதான் விரியும், அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. காலையில் நீங்கள் தொட்டது வாடத் தொடங்கிய பூ.

ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருக்கும். பூவுக்கு அடியில் மெல்லிய ரோமத்தோடு குட்டிச் சுரைக்காய் தெரிந்தால் பெண் பூ. வெறும் நீளக் காம்பென்றால் ஆண் பூ. சாயங்காலம் புதிதாய் விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவிலிருக்கும் சூல்முடி முழுக்கத் தாராளமாகத் தடவுங்கள். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்தூள் வேண்டும். போதாவிட்டால் காய் கோணலாகும், அல்லது உதிர்ந்தே போகும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மகரந்தம் நனைந்து வீணாகும், அதற்குள் செய்துவிடுங்கள். அப்புறம், பூக்கும் நாளில் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். பிடித்த பிஞ்சு சில நாளிலேயே மளமளவென்று பருக்கும்.