ஆட்டோ டயலரில் யார் எண்ணை முதலில் வைப்பது, எத்தனை முறை அழைக்க வைப்பது?

ஃபேன் நின்றால் போன் போடும் ஆட்டோ டயலரை ஈ.சி. கோழி ஷெட்டில், அதாவது முழுக்க மூடி ஃபேனாலேயே காற்றோட்டம் கொடுக்கும் ஷெட்டில், மாட்டியிருக்கிறீர்கள். ஐந்து எண் போடலாம், எந்த வரிசையில் போடுவது, எவ்வளவு நேரம் ரிங் விடுவது, எத்தனை சுற்று வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லடம் பக்கம் நானும் இதே மாதிரி ஷெட்தான் நடத்துகிறேன். முதல் எண்ணாக உங்கள் எண்ணைப் போடாதீர்கள். ஷெட்டுக்குப் பக்கத்தில் படுக்கிறவர் எண்ணைப் போடுங்கள்.

நான் என் எண்ணைத்தான் முதலில் போட்டிருந்தேன். மே மாதம், கோழிக்கு 33 நாள். ஈரோட்டில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். ராத்திரி பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு கால். எடுத்தேன், மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, வைத்துவிட்டேன். கூப்பிட்டது எங்கள் டயலர். பழைய சிம் காலாவதியாகி, முந்தின வாரம்தான் புதுச் சிம் போட்டிருந்தோம். அந்த எண்ணை நான் போனில் பதிந்து வைக்கவில்லை. கால் எடுக்கப்பட்டுவிட்டது என்று டயலர் அதோடு நின்றுகொண்டது. ஷெட்டை ஒட்டிய அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஒடிசா தம்பியின் எண் நான்காவது. அவனுக்குக் கால் போகவே இல்லை. வளர்ந்த கோழி நிறைந்த மூடின ஷெட்டில் ஃபேன் நின்றால் கால் மணி நேரத்திலேயே சாவு தொடங்கிவிடும். விடியும் வரை பொறுக்கிக் குழியில் போட்டோம், 1,140 கோழி.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, 'கால் எடுத்தால் நிறுத்து' என்று இருக்கிறதா, 'பட்டனை அழுத்தினால் நிறுத்து' என்று இருக்கிறதா என்பதை. இரண்டாவது வசதி இருந்தால் கட்டாயம் அதை வையுங்கள். செய்தியைக் கேட்டவர் போனில் ஒரு எண்ணை அழுத்தும் வரை டயலர் அடுத்தடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்த வசதி இல்லாத மாடல் என்றால், யார் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஐந்து பேரையும் கூப்பிடும்படி வையுங்கள். ஐந்து பேர் தூக்கம் கெட்டால் கெடட்டும்.

ரிங் நேரத்தை 60 வினாடி வைப்பதில் பயனில்லை. செல்போனுக்கு ரிங் 30 வினாடி என்று 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயித்துவிட்டது, அதன் பிறகு நெட்வொர்க்கே நிறுத்திவிடும். 30 வினாடியே வையுங்கள். டயல் செய்து இணைய இன்னொரு பத்து வினாடி என்று வைத்தால், யாரும் எடுக்காத ஒரு சுற்றுக்கு 200 வினாடி, அதாவது மூன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கால் மணி நேரத்துக்குள் நாலு சுற்றுதான் கிடைக்கும். சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி கேட்டால் பூஜ்யம் போடுங்கள், சுற்று எண்ணிக்கையை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. தூங்கும்போது போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் போடுகிறோம். ஒரே எண் திரும்பக் கூப்பிட்டால் சத்தம் வரும் வசதி அதில் இருக்கிறதே என்று நம்புவோம். ஆனால் ஐபோனில் இரண்டாவது கால் மூன்று நிமிடத்துக்குள் வந்தால்தான் அது வேலை செய்யும். டயலர் சுற்றி வருவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடுகிறது! ஆண்ட்ராய்டில் 15 நிமிடம் என்பதால் பிரச்சினை இல்லை. எதுவானாலும் டயலர் எண்ணைப் பதிந்து, பிடித்தமானவர் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியலுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள். ஐந்து போனிலும் நீங்களே கையில் வாங்கிச் செய்யுங்கள். சொன்னால் செய்ய மாட்டார்கள்.

சிம் விஷயத்தில், பெட்டி 2ஜி என்றால் ஜியோ சிம் எடுக்காது. ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல் மூன்றில் ஷெட்டுக்குள் எதற்கு டவர் நன்றாகக் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். சிம்மின் பின் (PIN) லாக்கை எடுத்துவிடுங்கள். நெட் இல்லாமல் கால், எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்ன பிறகு, ஒரு வருட வேலிடிட்டி வரை அப்படிப்பட்ட பேக்குகள் வந்திருக்கின்றன. மாதா மாதம் ரீசார்ஜை ஞாபகம் வைப்பதைவிட அது நல்லது.

செய்தியைப் பதியும்போது எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லாதீர்கள். எடுத்தவர் 'ஹலோ ஹலோ' என்பதற்குள் பாதி போய்விடும். எங்கள் பெட்டியில் இப்போது, "பண்ணையிலிருந்து பேசுறோம், பண்ணையிலிருந்து பேசுறோம், ரெண்டாம் நம்பர் ஷெட்ல ஃபேன் நின்னுருச்சு, ஓடுங்க, கேட்டதும் ஒண்ணை அழுத்துங்க" என்று இருக்கிறது. அதற்கடுத்து அதையே அந்தத் தம்பி இந்தியில் சொல்லியிருக்கிறான். அவன்தான் இப்போது முதல் எண்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ரிலேவை மீட்டர் பக்கம் கட்டாதீர்கள். அன்றைக்கு எங்களுக்குக் கரண்ட் இருந்தது, ஃபேன் பேனலின் பிரேக்கர் மட்டும் டிரிப். கரண்ட் இருந்ததால் ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. ரிலே அந்தப் பிரேக்கருக்குப் பிறகு இருக்க வேண்டும், மூன்று ஃபேஸையும் பார்க்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் நேரத்தைக் கழிக்க ஒரு நிமிடம் தாமதம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்கும் போன் அடித்து, கடைசியில் யாருமே எடுக்க மாட்டார்கள். ரிலே கோளாறானாலும் தெரிய வேண்டும் என்பதற்காக, கன்ட்ரோலரின் வெப்பநிலை அலாரத்தையும் இன்னொரு இன்புட்டில் கொடுத்திருக்கிறோம். டயலருக்குத் தனி பேட்டரி கட்டாயம்.

குஞ்சு இறக்குவதற்கு முந்தின நாள், ஷெட் காலியாக இருக்கும்போது, டெஸ்ட் பட்டனை அழுத்தாமல் பிரேக்கரையே இறக்கிச் சோதிப்போம். முதல் மூன்று பேரும் எடுக்காமல் இருப்பார்கள், நான்காவது ஆள் எடுத்து எதையும் அழுத்தாமல் வைப்பார், ஐந்தாவது ஆளுக்குக் கால் போகிறதா என்று பார்ப்போம். போனால்தான் மறுநாள் குஞ்சு வண்டியை வரச் சொல்வேன்.